மின்னுக்கு ஏழு இழை

என் ஓரகத்தி செல்வரோஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாந்தோமில் மீன் விற்றுப் பிழைப்பவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வஞ்சிரம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். புருஷன் கடலோடு போனபின் அந்த வாயை வைத்துத்தான் ஒரே மகள் ஜெசிந்தாவைப் படிக்க வைத்தாள். அந்தப் பாழாய்ப்போன வாய்தான் மகள் கல்யாணத்தையும் கெடுக்கப் பார்த்தது.

ஜெசிந்தாவுக்கு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. கூட வேலை செய்த ஷிபுவைப் பிடித்துப்போயிற்று. பையன் வீடு மேற்கு மாம்பலம். பூர்வீகம் கோட்டயம் பக்கம், சிரியன் கிறிஸ்தவர்கள். நாங்களும் வேதக்காரர்கள்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தோம். வந்தது. பெண் பார்க்க வந்த ஷிபுவின் அம்மா ஏலியாம்மா டீச்சர், காப்பியைத் தொடவே இல்லை.

"நாங்க ஏசுவோட சீடர் தோமா ஸ்லீகா கையால ஞானஸ்நானம் வாங்கின குடும்பம். வெளியில பெண் எடுத்து வழக்கமில்லை" என்றார்.

"அந்தத் தோமையாரு எங்க தெருக்கோடிலதாம்மா அடக்கமாயி கீறாரு. தெனிக்கும் அவரத் தாண்டித்தான் கூடைய தூக்கினு போறேன்" என்றாள் செல்வரோஸ்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் எழுந்து போய்விட்டார். ஷிபு மசியவில்லை, தேதி குறித்துவிட்டான். அம்மா கோயிலுக்கு மட்டும் வருவாராம். மந்திரகோடி எடுக்க வரமாட்டாராம், நூலும் உருவமாட்டாராம்.

அவர்கள் தாலிக்குப் பெயர் மின்னு. அதற்கு மஞ்சள் கயிறு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் எடுக்கும் கல்யாணப் பட்டுதான் மந்திரகோடி. அதிலிருந்து ஏழு இழை உருவி, முறுக்கி, அதில் மின்னைக் கோப்பார்கள். டீச்சர் வீட்டு முறைப்படி அதைச் செய்வது மாப்பிள்ளையின் அம்மா. பெண் வீட்டார் கை படக்கூடாது.

"கடையில ஒரு கயிறு வாங்கிக்கலாம், விடு" என்றான் ஷிபு. ஜெசிந்தா கேட்கவில்லை.

"அவங்க கையால நூல் வரலைன்னா, அந்த வூட்ல நான் வாடகைக்கு இருக்கற மாதிரிதான்" என்று அழுதாள்.

பிள்ளைகள் இருவரும் தி.நகரில் எடுத்த புடவை எங்கள் வீட்டில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை செல்வரோஸ் அதை எடுத்துக்கொண்டு மாம்பலம் கிளம்பினாள்.

"கால்ல வியுந்தாவது கேக்கறேன். நீயும் வாமே. நான் எதுனா எடக்கா பேசினா தொடைல கிள்ளு" என்று என்னையும் இழுத்துப்போனாள்.

டீச்சர் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். புடவையை வாங்கிப் பிரித்தவர் உள்முனையைத் தேடினார். ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்துத் தைத்திருந்தது. முந்தானையைத் திருப்பினார். வரிசையாகக் குச்சம், முத்து கோத்துக் கட்டியது. மகளுக்கு அழகாக இருக்கட்டும் என்று செல்வரோஸ் ஆசைப்பட்டுச் செய்த வேலை. எங்கள் பக்கம் குச்சம் கட்டாத கல்யாணப் பட்டை யார் உடுத்துவார்கள்?

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ! என்ன காரியம் செஞ்சு வெச்சிருக்கீங்க? எல்லா முனையையும் தச்சு அடைச்சுட்டா நான் எங்கேருந்து நூல் எடுப்பேன்?"

நான் கிள்ளினேன். பிரயோஜனமில்லை.

"நீங்கதான் எடுக்க மாட்டேன்னிட்டீங்களே?" என்று கேட்டேவிட்டாள்.

டீச்சர் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே மகன். நான் எடுக்காம வேற யார் எடுப்பா?" என்றார். செல்வரோஸுக்குப் பேச்சு வராததை அன்றுதான் பார்த்தேன்.

டீச்சர் கத்திரிக்கோல் கொண்டுவந்து உள்முனைத் தையலைப் பிரித்தார். இழை இரண்டு மூன்று முறை அறுந்தது. வாய்க்குள் ஜெபம் சொல்லியபடியே மறுபடி உருவினார். ஏழும் சேர்ந்ததும் முறுக்க வேண்டும், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். செல்வரோஸ் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டீச்சர் நுனியை அவளிடம்தான் நீட்டினார்.

"மீனு கைம்மா இது" என்றாள் செல்வரோஸ்.

"என் மோளோட அம்மா கை" என்றார் டீச்சர். "இறுக்கிப் பிடிங்க."