லுவார் ஆற்றிலிருந்து சைக்கிளோடு திரும்பியவன்

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், கார்களே வராத பாதையில், பழைய கோட்டைகளைப் பார்த்துக்கொண்டு எட்டு நாள் தனியாகச் சைக்கிள் ஓடிவிட்டு இன்று திரும்பினேன்.

சுவிஸ் எல்லை நகரமான பாசலில் ரயில் ஏறியதும் ஒரு தமிழ்ப் பெரியவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, கார் லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?”

“இல்லை அண்ணை, இடம் பார்க்கப் போனனான்.”

“சைக்கிளிலையோ? ஆரோடை?”

“தனியத்தான்.”

அவர் நம்பவில்லை.

“வெட்கப்படாதேங்கோ. என்ர மருமகன் கார் பழக்கிறவர்” என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் நம்பர் எழுதித் தந்தார். சூரிச் வரைக்கும் வீதிச் சட்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்குப் பத்து வருடமாக லைசன்ஸ் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. எட்டு நாளில் என்னோடு தமிழில் கதைத்த முதல் ஆள் அவர். சொன்னால் கதை நின்றுவிடும்.

அடுத்த கோடையில் கூட வர யாராவது இருக்கிறீர்களா? லைசன்ஸ் தேவையில்லை.