பன்னிரண்டு சக்கர மதர்போர்டு

காலை 8.20, புதுச்சத்திரம்.

நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நாங்கள் மூன்று உருப்படி: நான், துரைசாமி அண்ணன், பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிய அவருடைய கம்ப்யூட்டர். சேலத்துக்கு இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அண்ணனுக்கு அது ஆறு மாதத் தூரம்.

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர் அவர். போன வருடம் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த டாக்டர், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டார். அதிலிருந்து கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறார். விளையாட்டுத்தான், அவர் எதிரில் அந்தச் சொல்லை மட்டும் சொல்லக் கூடாது. தொப்பூர் கணவாயில் நாற்பது வண்டி சேர்ந்துகொண்டால் திரை திக்கித் திக்கி நின்றுவிடும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எட்டு கோர், எட்டு ஆள் வேலை செய்யும். அதைக் குறித்த வேகத்துக்கு மேல் முடுக்குவதற்கு ஓவர்கிளாக் என்று பேர். முடுக்கியும் பார்த்தார். பிராசஸர் துள்ளியது, அதைத் தாங்கும் மலிவு மதர்போர்டு சூடேறிப் படுத்துவிட்டது. ஆறு மாதமாக ஒரு லோடும் ஊர் போய்ச் சேரவில்லை.

வழியனுப்ப வந்த அவர் மனைவி சரசு அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"எப்புடியாவது அந்த வண்டிய ஓட வெச்சுக் குடுங்க தம்பி. மனுசன் பகலெல்லாம் ஊட்டுலயே உக்காந்துக்கிட்டு, நான் ரசம் வெக்கறதுக்கு ரூட்டுச் சொல்றாரு."

அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. "இன்னைக்கு நல்ல போர்டு கெடைக்கலீன்னா பொட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு உங்கூடவே இருந்துக்கறேன்."

"அந்தப் பயத்துலதான் தம்பியத் தொணைக்கு அனுப்பறேன்" என்றார் அக்கா.

8.35. பேருந்தில் மூவர் இருக்கை. நடுவில் கம்ப்யூட்டர். கண்டக்டர் வந்தார்.

"அது என்னங்க சீட்டுல?"

"கம்ப்யூட்டருங்க."

"மடியில வெச்சுக்கங்க."

"நெஞ்சுல ஆபரேசனுங்க."

"கம்ப்யூட்டருக்குங்களா?"

அண்ணன் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். கண்டக்டர் தழும்பு பார்க்கும் மனநிலையில் இல்லை. சீட்டில் உட்கார்ந்தால் ஆள் டிக்கெட்டுத்தான் என்று மூன்று கிழித்தார். தலைக்கு முப்பத்தைந்து ரூபாய்.

எனக்கு ஒரே ஊரில் இரண்டு நாள் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும். ஜன்னலோரம் கிடைத்தால்தான் அடங்கும். மரவள்ளிக் காடுகள் ஓடின. கோழிப்பண்ணைகள் நீட்டிப் படுத்த வெள்ளை ரயில்களாய்க் கிடந்தன. கிழக்கே கொல்லிமலை, யாரோ ஈரத்துணியால் பாதி துடைத்துவிட்டுப் போன கரும்பலகை. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் எட்டிப் பார்த்து வேறொன்று தேடினார். அவர் கம்ப்யூட்டரில் இந்தச் சாலையும் இருக்கிறது. யாரோ இளைஞர்கள் வரைந்து சேர்த்தது.

"ஆண்டகளூர் கேட்டுக்கு முன்னால ஒரு டீக்கடை இருக்கணுமே."

"இல்லையே அண்ணா."

"இல்லதான்" என்றார் வருத்தமாக. "இங்க தப்பாப் போட்டு வெச்சிருக்கானுங்க."

9.50, சேலம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து ரோட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். கடை மாடியில். கல்லாவிலும் பழுது பார்க்கும் மேசையிலும் ஒரே பெண்தான். முப்பது வயதிருக்கும், பேர் ரம்யா.

"யாருக்கு சார் போர்டு?"

அண்ணன் வியர்த்தார். "பையனுக்குங்க அம்மிணி."

அவருக்குப் பையன் கிடையாது. இரண்டு பெண்கள், இருவரும் கட்டிக்கொடுத்த இடத்தில். நான் கூரையைப் பார்த்தேன்.

பையன் என்றதும் ரம்யா ஒரு போர்டை எடுத்து வைத்தாள். விளிம்பெல்லாம் கலர் விளக்கு, 9,200 ரூபாய். "பசங்க இதத்தான் கேப்பாங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் விளையாடுவான்?"

"பதினெட்டு மணி நேரமுங்க."

ரம்யாவின் கை நின்றது. "சாப்பிட மாட்டானா சார்?"

"தாபாவுல நிறுத்துவானுங்க."

"படிக்கிறானா?"

"அஞ்சாவதோட நிறுத்திப்போட்டானுங்க."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போர்ட விடுங்க, முதல்ல பையன ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டியாச்சுங்க. டாக்டருதான் இதுல கொண்டாந்து உட்டாரு." மேசையில் கிடந்த ஸ்குரூ ஒன்றை எடுத்து நேராக வைத்தார். "பையன் இல்லீங்க அம்மிணி. நாந்தான்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். விளக்கு போர்டை ஓரம் தள்ளி, "என்ன வண்டி ஓட்டுனீங்க?" என்று கேட்டாள். அண்ணன் நிமிர்ந்துவிட்டார்.

நாமக்கல் பக்கம் லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். அண்ணன் அதையே கேட்டார். சீலை உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றாள் ரம்யா; ஆனால் சோதனைக்கென்றே திறந்து வைத்த போர்டுகள் உண்டு. அவருடைய பெட்டியை அவிழ்த்து, பிராசஸரைக் கழற்றி விளக்கு போர்டில் பொருத்தினாள். வேகத்தை முடுக்கி, எட்டு கோரும் மூச்சு வாங்கும்படி ஒரு சோதனையை ஓட்டினாள்.

10.55. வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். பத்து நிமிடத்தில் போர்டின் கரண்டுப் பகுதி நூற்றைந்து டிகிரி. வேகம் 3.2-க்கு வழுக்கியது. விளக்குகள் மட்டும் திருவிழாபோல் ஓடிக்கொண்டிருந்தன.

"மேட்டுல கியர் எறங்குது" என்றார் அண்ணன். "சீரியல் லைட்டு கட்டுன வண்டி. இழுக்காது."

அடுத்ததை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். கறுப்பு. விளக்கே இல்லை. பிராசஸரைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனில் அலுமினியச் சீப்புகள். 14,300 ரூபாய். "பிராசஸருக்குப் போற கரண்ட்ட இதுல பன்னெண்டு பிரிவு பங்கு போட்டுத் தூக்குது சார். அந்த லைட்டு போர்டுல நாலுதான். முடுக்கினா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், நாலும் காஞ்சு போயிடும்."

"பன்னெண்டு சக்கரம்" என்றார் அண்ணன். நாமக்கல்லில் லாரிக்குக் கம்பெனி பேர் அப்புறம்தான். முதலில் சக்கரக் கணக்கு. சீப்புகளைத் தடவினார். "ரேடியேட்டரும் இருக்குது."

12.10. வேகம் 4.6. அரை மணி நேரம் கழித்தும் எழுபத்து நாலு டிகிரி. ரம்யா திருப்தியாகத் தலையாட்டினாள். அண்ணன் ஆட்டவில்லை. அவர் தொப்பூர் கணவாயைக் கேட்டார்.

கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்டீயரிங் வீட்டில் இருந்ததால் அம்புக்குறிப் பொத்தான்களில் ஓட்டினார். நெல் மூட்டை தூக்கிய இரண்டு விரல்கள் கடுகு பொறுக்குவதுபோல் பதறின. முன்னால் டேங்கர், பக்கத்தில் பேருந்து, பின்னால் ஹாரன். மவுஸ் வாங்க வந்தவர் மவுஸை மறந்து நின்றார். திக்கவில்லை. வளைவு வளைவாக இறங்கி, சமவெளி விரிந்ததும் அண்ணன் லாரியை ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இன்னும் ஏத்தலாம் சார்; ஆனா ஆயுசு குறையும்" என்றாள் ரம்யா.

"வேண்டாமுங்க. இதே போதும்."

அதே ரகத்தில் சீல் உடைக்காத ஒன்றைப் பெட்டிக்குள் மாட்டித் தந்தாள். 3.30 பேருந்தில் மறுபடி மூன்று டிக்கெட். இந்த முறை அண்ணனே கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை 11.00. எப்படி ஓடுகிறது என்று பார்க்க, நாமக்கல்லிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சரசு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணன் இருக்காருங்களா?"

"இல்லீங்க தம்பி. லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு."

உள்ளறையில் ஏர் ஹாரன் நீளமாக அடித்தது. அக்காவின் கை கீரையைவிட்டு நகரவில்லை.

"எங்கீங்க?"

"நாக்பூரு. ஆறு மணிக்கே கெளம்பிட்டாரு. கிருஷ்ணகிரி தாண்டியிருப்பாரு."

"எப்ப வருவாருங்க?"

"எறக்கோணும், ரிட்டன் லோடு அமையோணும். வெள்ளிக்கெழமைக்கு மேல வந்து பாருங்க."

காபி தந்தார். ஓட்டுகிறவர் காதில் விழாமல் குடித்துவிட்டு எழுந்தேன். பாதி இந்தியா சுற்றியவன் நான். நான் ஊரில் இல்லை என்பதை என் வீட்டில் யாரும் இவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லியிருப்பார்கள். நான்தான் அப்போது ஊரில் இல்லை.