பெயர் அழிந்த குரல்

வாப்பா சவூதியிலிருந்து கடிதம் எழுத மாட்டார். கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு எங்கள் நாகப்பட்டினம் வீட்டில் மிஞ்சியது ஒரே கேசட். அதைக் கணினியில் ஏற்றிய கையோடு, பூஞ்சை பிடித்திருந்த நாடாவும் அறுந்துபோயிற்று. பதிவின் நடுவில் வாப்பா இருமுவார். ஒவ்வொரு முறையும் உம்மா, "தண்ணி குடிங்களேன்" என்பார்.

அன்று மதியம் பேய்க்காற்றும் மழையும். உம்மாவுக்காக வாப்பாவின் பதிவை ஓடவிட்டபடியே, ராத்தா அதே கணினியில் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தாள். என் அக்காவான அவளுக்கு அலுவலகத்தில் விண்டோஸ்தான் பழக்கம். அது திறந்திருக்கும் கோப்பைப் பெரும்பாலும் அழிக்க விடாது. அதனால் வேண்டியதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் ஒரே தட்டில் நிரந்தரமாக அழிப்பாள். வேண்டியது தப்பிவிடும்.

நான் எட்டிப் பார்த்தேன். கோப்புறையில் ஒன்றுமே இல்லை.

"வாப்பாதுதான் ஓடிட்டு இருக்கே, அது எப்படிப் போகும்?" என்றாள் ராத்தா.

வீட்டுக் கணினியில் நான் போட்டிருந்தது லினக்ஸ். அது மறுபேச்சின்றி பெயரை எடுத்துவிடும். திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை உள்ளடக்கத்தை மட்டும் விட்டுவைக்கும். பதிவு ஓடி முடிந்தாலோ, கரண்ட் போனாலோ வாப்பா குரல் அவ்வளவுதான். யுபிஎஸ் செத்து நாளாயிற்று.

பாய்ந்துபோய், நிரலை மூடாமல், பதிவை மட்டும் பாதியில் நிறுத்திவைத்தேன்.

"ஏன் நிறுத்துன? பேசிக்கிட்டுத்தானே இருந்தாக?" என்றார் உம்மா.

ஓடும் நிரல் பிடித்திருப்பதிலிருந்து நகலெடுக்க வழி உண்டு. கட்டளையைத் தட்டத் தட்ட விரல் பிசகியது. வெளியே தென்னை மட்டை விழுந்த சத்தத்துக்கு ராத்தா, "யா அல்லாஹ்" என்றாள். நகல் முடிந்ததாகத் திரை சொன்னது. அடுத்த நொடி கரண்ட் போனது.

நகல் முடிந்தது என்று லினக்ஸ் சொன்ன பிறகும் வட்டில் எழுதி முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இருட்டிய கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ராத்தா அழுதாள். எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கோப்பு இருந்தது. முழுதாக இருக்கிறதா என்று தெரியாமல் ஓடவிட்டேன். வாப்பா சலாம் சொன்னார், உம்மாவை விசாரித்தார், பேசிக்கொண்டே வந்து இருமினார்.

உம்மா வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: "தண்ணி குடிங்க, வாப்பா."