நடு மேசை ஆரோக்கியராஜ் சாருக்குத்தான்

ஆரோக்கியராஜ் சார் போய்விட்டார்.

நேற்று காலை ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே... குரூப்பில் மெசேஜ் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, ‘பாவி மனுஷா, இந்த வாரம்தானா கிடைச்சுது?’

அழகாக அஞ்சலி எழுத எனக்கு வரவில்லை. பொறாமையோடுதான் வருகிறது.

தெரியாதவர்களுக்காக... நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். விரல் உயரப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி விளையாடும் போர். அந்தப் படைகளுக்குப் பின்னால் இடிந்த தேவாலயம், கல்லறைத் தோட்டம், பாழடைந்த கோட்டை என்று பழைய ஐரோப்பியப் பேய்க்கதையில் வருகிற மாதிரி ஒரு கோதிக் ஊரையே கையால் செய்து வைப்போம்.

அந்த வாரம் யாருடைய வேலை பிரமாதமோ அது நடு மேசையில். மற்றதெல்லாம் ஓரத்தில்.

ஓரம் என்றால் நான்.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரராக இருந்த அவருக்கு இந்த விளையாட்டைக் காட்டியதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அவர் சின்ன வயதிலிருந்தே பாலக்கரையில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கை. காகிதத்தைக் கசக்கினால் பாறை, வெட்டிவேரை ஒட்டினால் பட்டமரம். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் கொலுதான். அதில் எதையாவது இடிந்த மாதிரி வைத்தால் அம்மா என்னை வீட்டை விட்டே அனுப்பிவிடுவாள்.

ஒரு தடவை நான் அவசரத்தில் தெர்மாகோல் சுவர் மேல் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிட்டேன். சுவர் அப்படியே உருகி ஓட்டை விழுந்தது. குப்பையில் போட்டேன்.

அடுத்த மாதம் அவரும் அதே தப்பைச் செய்தார். உருகிய சுவரைத் தூக்கிக்கொண்டு வந்து, “நூறு வருஷ மழையில அரிச்சுப் போச்சுங்க” என்றார். மொத்த மாடியும் கை தட்டியது. நடு மேசை!

எனக்கு உருகினால் குப்பை. அவருக்கு உருகினால் ஆர்ட்.

இந்த வாரம் விடக்கூடாது என்று ஒரு மணிக்கூண்டு முடித்து வைத்திருந்தேன். நடு மேசை எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்...

இன்று அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஸ்டெல்லா மேடம் ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தார். “ஞாயித்துக்கிழமைக்குன்னு செஞ்சிட்டிருந்தாரு சார். நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க.”

கூரை விழுந்த சின்ன சர்ச். மிட்டாய்ப் பேப்பர் ஜன்னல். வாசலில் சாய்ந்த சிலுவைகள், டீத்தூளில் சருகு. அழுதுகொண்டே அதில் குறை தேடினேன். ஒரு பக்கம் பெயிண்ட் பாக்கி இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

‘நடு மேசை சாருக்குத்தான்’ என்று குரூப்பில் போட்டார்கள். நானும் ஒரு தம்ப்ஸ் அப் போட்டேன். செத்தும் இடம் விட மாட்டேன் என்கிறார்.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா குனிந்து குனிந்து பார்த்தார்.

“தத்ரூபமா இருக்குங்க. நீங்க செஞ்சதா?”

ஆமாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது.

“இல்லைங்க. என் ஃப்ரெண்டு.”

“என் பேத்திக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் இருக்கு. ஒண்ணு செஞ்சு தருவாரான்னு கேட்டுச் சொல்றீங்களா?”

“கேட்டுச் சொல்றேங்க” என்றேன். காவேரிப் பாலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சார்... ஒரு அம்மா கேக்குறாங்க. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

போயிட்டு வாங்க.