கேஸ் ஷீட்டில் இருந்த ‘சாட்டிஸ்ஃபாக்டரி’

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி பெரியது, ரத்தம் நிறையப் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அறுவை முடிந்ததும் டாக்டர் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவள் மயக்கத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். வெளியே நானும் அவளுடைய அண்ணனும்.

கதவருகே மேஜைமேல் அவளுடைய கேஸ் ஷீட் கிடந்தது. உறவினர்கள் அதைப் படிக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். எடுத்துப் படித்தேன். கடைசி வரி: பொது நிலை, சாட்டிஸ்ஃபாக்டரி.

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

அரசு அலுவலகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்களின் வேலையை மதிப்பிட்டு இருபது வருடம் ரகசிய அறிக்கை எழுதியவன் நான். ‘வெரி குட்’, ‘குட்’ எல்லாம் வேலை செய்கிறவர்களுக்கு. ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ ஃபைலைத் தொலைக்கிறவர்களுக்கு. அதைவிடக் கீழே எழுதினால் பாதகமான குறிப்பு ஆகிவிடும். சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் முறையீடு செய்வார், அதற்கு நாம் பதில் எழுத வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு வாய்த்த சொல் அது. யாருக்கும் எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆக, உள்ளே ஏதோ நடந்திருக்கிறது, டாக்டர் நழுவிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மச்சான் பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். அவரும் அந்த வரியைப் பார்த்தார்.

“திருப்தின்னுதானே மாப்ள போட்டிருக்கு?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது மச்சான். ‘குட்’னு போடலையே, கவனிச்சீங்களா?”

நான் முழுவதையும் விளக்கினேன். அதுவரை நிம்மதியாக இருந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஊருக்கு போன் போட்டுடலாமா?” என்றார்.

அப்போது நர்ஸ் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் கையில் இருந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சிஸ்டர், ‘குட்’னு எழுதாததுக்கு என்ன காரணம்?”

“என்ன சார், ஸ்கூல் ப்ராக்ரஸ் கார்டா இது? எங்க டாக்டருக்குத் தெரிஞ்சது மூணே வார்த்தை. சாட்டிஸ்ஃபாக்டரி, சீரியஸ், கிரிட்டிக்கல். உங்களுக்கு எது வேணும்?”

“மொதல்ல இருக்கறதே இருக்கட்டும்.”

“ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏத்தல சார். பிபி நல்லாருக்கு, நாடி நல்லாருக்கு. கேஸ் ஷீட்ட நீங்க தொடக் கூடாது, தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா,” என்று ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். இருபது வருடத்தில் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. திட்டு வாங்குவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“இனிமே படிச்சாலும் எனக்குச் சொல்லாதீங்க மாப்ள,” என்றார் மச்சான்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். நர்ஸ் கொடுத்த ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு? சாப்பிடலையா?”

“இல்ல.”

“போய்ச் சாப்பிடுங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க.”

பக்கத்தில் இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே ஆளுக்கு இரண்டு மசால் தோசை சாப்பிட்டோம். மூன்றாவது கேட்டது நான்.