ஊசி போட்டு ஏறிய எடை

மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோயாளி என்றால் மெலிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, எல்லாரும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணி, நான் எலும்பும் தோலுமாய் இருந்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. கொழுந்து பறிப்பதிலிருந்து எடுத்து, பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் லேசான வேலைக்குப் போட்டார்கள்.

பிறகு பதுளை கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு புது ஊசி போட ஆரம்பித்தார்கள். வீக்கம் வடிந்தது, பசி வந்தது. ஒரு ரொட்டியோடு எழுந்துவிடும் நான் மூன்று தின்றேன். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறி, சட்டைத் தையலையெல்லாம் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

"புள்ளைங்க பால நீதான் குடிக்கிறியா?" என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்தார்கள். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். "முந்தி இந்த மூட்டு வருத்தம் உங்கட சதையத் திண்டது. இப்ப அது அடங்கியிருக்கு, அதான் உடம்பு வைக்குது. ஆனா பழுதான மூட்டு திரும்பச் சரிவராது. கொழுந்து பறிக்கப் போகாதேங்கோ," என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

தோட்டத்தில் வேலைக்கு ஆள் போடும் கணக்கப்பிள்ளை அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்புதான் நல்லா தேறிருச்சே! அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து கொழுந்து பறிக்க மலைக்கு வந்துரு."

அப்போதுதான் அந்த முட்டாள்தனம் செய்தேன். மெலிந்தால் விட்டுவிடுவார்கள் என்று அடுத்த ஊசிக்குப் போகவில்லை. எடை இறங்கவில்லை, விரல் மூட்டுகள்தான் மறுபடி வீங்கின. ஒரு நாள் தூக்கிய குழந்தை கைநழுவி என் மடியில் விழுந்தது. தரையில் விழுந்திருந்தால்? அன்று முழுக்க அழுதேன். என்மேல் வந்த கோபத்தைவிட அவர்கள்மேல் வந்த கோபம் பெரிது. நோய் இருப்பதைக் காட்ட நோயையே வளர்க்கச் சொல்கிறார்களா?

மறுநாளே பஸ் பிடித்துப் போய், திட்டு வாங்கி, ஊசியும் போட்டுக்கொண்டேன்.

ஒண்ணாந்தேதி நல்ல மழை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காக நிறுத்து, "ஈரக் கொழுந்து, ரெண்டு கிலோ கழிவு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றேன். "கொழுந்து நனஞ்சிருந்தா தராசு காட்டுறத நம்பாம கழிக்கிறீங்க. என் எடைய மட்டும் எப்பிடிங்க அப்பிடியே நம்புறீங்க?"

பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தை அவர் கண்ணெதிரே கிள்ளப் பார்த்தேன். விரல்கள் சேரவில்லை. நசுங்கிய கொழுந்து செடியிலேயே தொங்கியது.

கணக்கப்பிள்ளை குனிந்து என் விரல்களைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கடுதாசியக் குடு," என்றார்.

இன்றும் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறேன். ஊசி தவறுவதில்லை. யாராவது என் உடம்பைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினால் இப்போது சிரித்து மழுப்புவதில்லை. நோய் என்னிடமிருந்து தின்ற ஒன்பது கிலோ இது, திரும்ப வாங்கியிருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.