வெயில் விழாத சரிவு

எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்னு யாராவது கேட்டா, ஆணி புடுங்குற வேலைன்னுதான் சொல்வேன். கேட்டவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். முப்பத்தொரு வருஷமா அவர் அதைத்தான் செய்யறார். நான் கீழே ஏணியைப் புடிச்சுட்டு அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அவர் பழுது பார்க்கிறது ஷிங்கிள் கூரை. அது ஓடும் கிடையாது, தகரமும் கிடையாது. தார் ஏத்தின தடி அட்டை மாதிரி வில்லைங்க, வரிசை வரிசையா ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும். அடியில இருக்கிற பலகையோட சேர்த்து ஒவ்வொண்ணுக்கும் ஆணி அடிச்சிருப்பாங்க. பலகை வெயில்ல காயும், ஈரத்துல ஊறும். இப்படியே நாலஞ்சு வருஷம் போனா ஆணி மெதுவா தலையைத் தூக்கும். மேல இருக்கிற வில்லை ஒரு நூல் உயரும். தண்ணிக்கு அந்த ஒரு நூல் போதும்.

மத்தவங்க என்ன செய்வாங்கன்னா, தூக்கின ஆணி தலையில சுத்தியலால ஒரு போடு போட்டு உள்ளே தள்ளிட்டு இறங்கிருவாங்க. அது அடுத்த வெயிலுக்கே எட்டிப் பார்க்கும். இவருக்கு அது ஆகாது. வில்லையைப் பட்டைக் கம்பியால நெம்பி, பழைய ஆணியைப் புடுங்கி, ஓட்டையைத் தார்ப் பசையால அடைச்சு, ரெண்டு விரல் தள்ளிப் புது ஆணி அடிச்சு, மேல் வில்லையை மறுபடி ஒட்டணும். அப்புறம்தான் அடுத்தது. "இன்னிக்குள்ள இறங்குற உத்தேசம் இருக்கா?"ன்னு நான் கீழே இருந்து கேப்பேன். "வந்துட்டேன், வந்துட்டேன்"ம்பார். ஒரு மணி நேரம் கழிச்சும் அதே இடத்துல உட்கார்ந்திருப்பார்.

தூக்கின ஆணியை அவர் கண்ணால தேடினதே இல்லை. முட்டி போட்டு, வரிசை வரிசையா உள்ளங்கையையும் விரலையும் வெச்சு இழுத்துட்டே போவார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. விரல் எங்கே தட்டுதோ அங்கே சாக்பீஸ்ல ஒரு கோடு. அவர் தடவிட்டு இறங்கின கூரை ஒழுகாதுன்னு தெருவே சொல்லும்.

இந்த வருஷம் மனுஷனுக்கு என்ன ஆச்சோ, விடியறதுக்குள்ள கிளம்பணும்னார். சூரியன் எழும்பும்போது கூரை மேல இருக்கணுமாம். பத்து மணி ஆனா வேலையை நிறுத்திருவார், மறுபடி சாயங்காலம்தான் ஏறுவார். "உச்சி வெயில் தாங்கலை"ன்னார். வயசாகுதுல்ல, சரின்னு விட்டுட்டேன். தூக்கம் கெட்டுப் போன எரிச்சல்ல நாலு வார்த்தை திட்டவும் செஞ்சேன். சட்டைப் பொத்தானைப் போட்டு விடச் சொல்வார். கொஞ்சம் ஓவரா இல்லையான்னு கேட்டுக்கிட்டே போட்டு விடுவேன்.

போன மாசம் தையல்காரம்மா வீட்டுக் கூரையை முடிச்சோம். கூரைக்கு நேர் கீழே இருக்கிற மாடி அறையிலதான் அவங்க மெஷின் ஓடுது. போன வாரம் ஒரு ராத்திரி மழை. மறுநாள் காலையில ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. வெட்டி அடுக்கி வெச்சிருந்த துணியெல்லாம் தார் கலந்த தண்ணியில பழுப்பாக் கிடக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை, பதினாலு பேரோட துணி. அவங்க சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவங்க போடலை.

"அண்ணே, நீங்க பார்த்துட்டுப் போனதுக்கு அப்புறம் ஒழுகாதுன்னு நான் பக்கெட்கூட எடுத்து வெக்கலை"ன்னு மட்டும் சொன்னாங்க.

இவர் முகத்தைப் பார்க்கவே சகிக்கலை. "இன்னிக்கே சரி பண்ணித் தர்றேம்மா"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு இறங்கினார். நான் கொல்லைப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒழுகினது பின்பக்கச் சரிவு. அதை ஒட்டி நாலு மாடிக் கட்டடம் ஒண்ணு நிக்குது, அதனால அங்கே எந்த நேரமும் வெயில் விழாது. போன மாசம் முன்பக்கச் சரிவுல எண்ணி இருபத்தேழு இடத்துல ஆணி மாத்தினார். பின்பக்கம் ஒண்ணுகூட இல்லைன்னு இறங்கினார். அன்னிக்கு எனக்கு அது உறைக்கலை.

இப்போ உறைச்சது. காலையிலயும் சாயங்காலமும் சாய்ஞ்ச வெயில்ல தூக்கின வில்லைக்குக் கீழே கோடு மாதிரி நிழல் விழும். இவர் இந்த வருஷம் பூரா அந்த நிழலைத்தான் பார்த்து வேலை செஞ்சிருக்கார். கையால தடவினது சும்மா எனக்குக் காட்ட. நிழலே விழாத இடத்துல மனுஷன் என்ன செய்வார்?

அவருக்குச் சக்கரை வியாதி இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுல விரல் மரத்துப் போச்சுன்னு அவர் சொல்லவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் கொஞ்சம் இறங்கினதும் பயம் வந்துச்சு. கையில எதைப் புடிக்கிறோம்னு தெரியாத மனுஷன் அவ்வளவு உயரத்துல எதைப் புடிச்சு நிப்பார்? விழுந்தா அள்ளிக்கூட எடுக்க முடியாது.

முன் படிக்கட்டுல உட்கார்ந்து ஆணிப் பையை இடுப்புல கட்டிட்டு இருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"விரல் எப்பலேர்ந்து இப்படி?"

"எப்படி? நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"நல்லாத்தான் இருக்குங்கறேன். வானம் கருக்குது பாரு, விடு. ஏறணும்."

"கையைக் குடுங்க. கண்ணை மூடிக்குங்க. ஆணியால குத்துறேன். தெரிஞ்சா நீங்க ஏறுங்க, நான் வாயே திறக்கலை. தெரியலைன்னா இன்னிக்கு மட்டும் இல்லை, இனிமே எந்தக் கூரையும் கிடையாது."

பையைக் கட்டுறதை விட்டார். அப்புறம் கண்ணை மூடி, கையை நீட்டினார். நகத்தோரமெல்லாம் தார். பையில இருந்து ஒரு ஆணியை எடுத்து என் மடியில வெச்சேன். அவர் கையைத் தொடவே இல்லை, சும்மா பார்த்துட்டு இருந்தேன். நெத்தியைச் சுருக்கி, மூச்சைப் புடிச்சுட்டுக் காத்துட்டு இருந்தார்.

"ம், குத்துது"ன்னார். "மெதுவா குத்து, வலிக்குது."

"எந்த விரல்ல?"ன்னு கேட்டேன்.

யோசிச்சார். "ஆள்காட்டி விரல்ல"ன்னார்.

அதுக்கு மேல கேக்க மனசு வரலை. எந்திரிச்சு மாடிக்குப் போய், வேற ஆளைப் பார்த்துக்குங்கன்னு தையல்காரம்மாகிட்ட சொன்னேன்.